கிழவி மகாராணி கதவைத் தட்டிய காட்சி

அக்கா,

இன்று காலை மகன் வீட்டில் மருமகளுக்குக் கோப்பி கொடுக்கும்போது, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து, அதன்மேல் கரண்டியைக் குறுக்கே படுக்க வைத்தேன். ஏன் மாமி இப்படி என்று பிரெஞ்சில் கேட்டாள். வியன்னாவில் இப்படித்தான் என்றேன். வியன்னாவை நான் எங்கே கண்டேன்? இங்கே கனடாவில், லாசாலில் உங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து கண்டதுதான்.

கனடா வரமுன்னர் நீங்கள் சில காலம் வியன்னாவில், ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கும் இடத்தில் வேலை செய்தீர்கள். வேலையை விட்டு இங்கே வந்தாலும் அந்த ஊர்த் தொலைக்காட்சியை விடவில்லை. ஞாயிறு மத்தியானம் முதலில் பாட்டு நிகழ்ச்சி. தோல் காற்சட்டை போட்டவர்கள் மலையையும் காதலையும் பாட, மண்டபம் நிறைந்த சனம் ஒரே தாளத்தில் கைதட்டும். “எங்கட கோயில் பசனையும் இதுவும் ஒண்டுதான்” என்று நீங்களும் தட்டுவீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். கொஞ்சம் செல்ல நானும் தட்டுவேன்.

பிறகு அரண்மனைத் தொடர். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. நீங்கள் சொல்லச் சொல்லத்தான் கதை. உங்கள் வாயில் அரண்மனை முழுவதும் யாழ்ப்பாணமாகிவிடும். சக்கரவர்த்தியின் தாயான கிழவி மகாராணி, மருமகளின் பகுதி, பிறந்த வீட்டு ஆட்கள், சரியில்லை என்று மந்திரியிடம் குறை சொல்வாள்.

அந்த நாட்களில்தான் பேரன் பிறந்தான். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும் சடங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. மருமகள் கியூபெக்காரி. மகனோ இரண்டு பக்கமும் வாய் திறக்காத பிறவி. கூப்பிடாத வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று உங்களிடம் சொல்லி அழுதேன்.

அந்த ஞாயிறு, தொடரில் கிழவி மகாராணி மருமகளின் அறைக் கதவைத் தட்டினாள். நீங்கள் திரையைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: “நீ கூப்பிடேல்லை, நானாய் வந்திட்டன், பிள்ளையை ஒருக்கால் தா எண்டு கேக்கிறா.”

அடுத்த நாளே பஸ் ஏறி, மகன் இருந்த புவாண்ட்-கிளேருக்குப் போனேன். பிள்ளை பார்க்க வருகிறவர்களை அவர்கள் வழக்கத்தில் கூப்பிடுவதில்லையாம், தாங்களாகவே வருவார்களாம். மாமி ஏன் இன்னும் வரவில்லை என்று அவளும் அழுதிருக்கிறாள்.

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பேரனோடு இருந்து நானும் பிரெஞ்சு வாசிக்கப் பழகிவிட்டேன். இன்று மத்தியானம் மருமகள் அதே தொடரை, அடியில் பிரெஞ்சு எழுத்து ஓடும்படி போட்டாள். அந்தக் கதவுக் காட்சி வந்தது. நிமிர்ந்து இருந்து வாசித்தேன். இந்தப் பிள்ளையை வளர்க்க உனக்குத் தெரியாது, இனி என்னிடம்தான் வளரும் என்கிறாள் கிழவி. சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

உங்களுக்கு அந்த ஜேர்மன் விளங்கவில்லையா, அக்கா? எல்லாம் விளங்கித்தான் அப்படிச் சொன்னீர்களா? அப்படியென்றால் மற்றக் காட்சிகளில் எது அரண்மனைக் கதை, எது உங்கள் கதை? தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கப் போகிறேன். எங்கெங்கே மாற்றிச் சொன்னீர்கள் என்று உங்களைப் பிடிக்காமல் விடமாட்டேன்.

மருமகள் கண்ணைத் துடைத்தாள். நீங்கள் முன்பே பார்த்த கதைதானே மாமி, கிழவி பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பாளா என்று கேட்டாள்.

“ஓம், குடுப்பா” என்றேன். “ஒருத்தரும் கூப்பிடாமல், தானாய் வந்து கதவைத் தட்டுவா.”