நீங்கள் அழித்த கோப்பு

சார், இன்று காலை ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை என்பதை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் நீங்கள் தேர்வுப் பிரிவுத் தலைவர். நான் மதிப்பெண்கள் இருக்கும் கணினி சர்வரைப் பார்த்துக்கொண்டவள். வேண்டியவர் வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண்ணை ஏற்றிவிட்டு, விஷயம் வெளியே வந்ததும் பழியை என்மேல் போட்டீர்கள். அன்னவாசலிலிருந்து என் அப்பாவை வரவழைத்து, ஆசிரியர்கள் கூட்டத்தில் நிற்கவைத்தே பேசினீர்கள். "ஒங்க மகதாங்க மார்க்கை மாத்திருக்கு. போலீசுக்குப் போகாம விடுறோமேன்னு சந்தோசப்படுங்க." அப்பா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

வேலையை விட்டு அனுப்பப்பட்ட என் கடைசி நாளில் நீங்களே கூப்பிட்டீர்கள். "டிஸ்க் ஃபுல்லுன்னே காட்டுதும்மா. பெரிய ஃபைலை அழிச்சுட்டேன், எடம் மட்டும் வரல. பாத்துக் குடுத்துட்டுப் போ."

"எந்த ஃபைல் சார்?"

"அது ஒனக்கு எதுக்கு? ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

நான் பண்ணவில்லை. சர்வரில் ஓடும் லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் முதலில் போகும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளே எழுதியது அப்படியே இருக்கும்; இடமும் திரும்பாது. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாமே போய்விடும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டேன். அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு ஒன்று நின்றது. மதிப்பெண்ணை யார், எப்போது மாற்றினார்கள் என்று சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவு அது. நீங்கள் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்க, அதைப் பென்டிரைவில் நகலெடுத்தேன். பிறகுதான் புரோகிராமை நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். இடம் வந்துவிட்டது. "பரவால்லையே, கெட்டிக்காரிதான்" என்றீர்கள்.

நேராக முதல்வரிடம் போனேன். ஒவ்வொரு மாற்றத்திலும் உங்கள் பெயர் இருந்தது. "ஒம்மேல தப்பில்லம்மா, வேலையில இரு. இதை இத்தோட விட்டுருவோம்" என்றார்.

"எங்கப்பாவை நிக்கவச்ச அதே கூட்டத்துல இதைப் படிக்கணுங்க சார். இல்லாட்டி நான் வெளிய சொல்லுவேன்."

படித்தார்கள். நீங்கள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நூலகராக இருந்த உங்கள் மனைவி முன்வரிசையில் இருந்தார். அவர் இருப்பார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

அப்பா மாலை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். "செத்தவருகிட்ட என்னத்தா கோவம், வா" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. உங்கள்மேல் எனக்கு ஆறவில்லை, சார். ஆறும் என்றும் தோன்றவில்லை. உங்கள் உடலுக்கு முன்னால் தைரியமாக நின்றிருப்பேன். ஆனால் அன்று கூட்டம் கலைந்ததும் உங்கள் மனைவி என்னிடம் வந்து, "என் கண்ணு முன்னாடி படிக்கணும்னு நீதான் கேட்டியாம்மா?" என்றார். "இல்லைங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியாது.