அக்டோபர் கடிதம்

மார்ச் 1

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நலம் என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். நீயாவது நலமாக இரு.

போனில் கூப்பிட்டால் ஏன் எடுப்பதில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கடைசி கீமோ முடிந்து மூன்று வாரம் ஆகியும் வாய்ப்புண் ஆறவில்லை. நாலு வார்த்தை பேசினால் நாக்கு பற்றி எரிகிறது. ஹாஸ்டலை விட்டு வந்த நாளிலிருந்து முப்பது வருஷமாக எழுதிக்கொள்கிறோம், இதையும் எழுதியே தீர்த்துக்கொள்வோம்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் 25, காலை எட்டரை மணி. வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு தைத்துவிடுவார்களாம். ஐந்து மணி நேரம் ஆகும் என்றார் சர்ஜன். அதற்குள் நான் மூன்று கிலோ ஏற வேண்டும், தினமும் அரை மணி நடக்க வேண்டும், மூன்று பந்து இருக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூச்சை உறிஞ்சி இழுத்துப் பந்துகளை மேலே ஏற்ற வேண்டும். எனக்கு ஒரு பந்து ஏறும், இரண்டாவது லேசாக ஆடிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடும்.

தனிக்கட்டையாச்சே, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவலைப்படாதே. மாடியில் இருக்கும் தையல்கார அக்கா காலையில் இரண்டு முட்டையோடு இறங்கி வந்து, நான் முழுங்குகிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் லேபில் என்னோடு வேலை பார்க்கும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரியைப் பற்றி எழுதியிருக்கிறேனே, மைக்ரோஸ்கோப் என்று, அவள்தான் வாரம் இரண்டு முறை ரத்தம் எடுக்க வருகிறாள். வேறு யார் குத்தினாலும் என் நரம்பு ஓடி ஒளிந்துகொள்கிறது. ஊர்க்காரர்கள் கையையெல்லாம் இருபத்திரண்டு வருஷம் குத்தினேன் அல்லவா, இப்போது என் முறை. லேப் வேன் ஓட்டுகிற டிரைவர் அண்ணன் சாயங்காலம் என்னை நடக்கக் கூட்டிப் போகிறார். நேற்று அந்தப் பந்து டப்பாவை வாங்கி ஒரே இழுப்பில் மூன்றையும் ஏற்றிக் காட்டினார். "அண்ணே, நீங்க ரெடி. உங்களுக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றேன். டப்பாவைக் கீழே வைத்தவர் அப்புறம் தொடவில்லை.

எல்லாரும் இருக்கிறார்கள். நீயும் வந்தால் நன்றாக இருக்கும். ஒரு வாரம் மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு வரக் கூடாதா?

உன்,
சுண்டெலி


மார்ச் 5

என் அன்புச் சுண்டெலிக்கு,

கடிதம் கிடைத்தது. வாய்ப்புண்ணுக்கு ஒரு ஜெல் அனுப்பியிருக்கிறேன். சாப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் தடவு, முழுங்கிவிடாதே. சோடா உப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்கு ஆறு முறை கொப்பளி. புண் வெள்ளையாக இருக்கிறதா, சிவப்பாக இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்று எழுது. புரோட்டீன் பவுடர் இரண்டு டப்பா தனிப் பார்சலில் வருகிறது. பாலில் கலக்காதே, வயிறு உப்பும்.

கடையில் இந்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன். காலாவதியான மருந்தையெல்லாம் பிரித்து எடுக்க வேண்டும். உதவிக்கு இருந்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். பார்க்கிறேன். வர முயற்சி செய்கிறேன்.

தையல்கார அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஒட்டகம்


மார்ச் 10

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

புண் சிவப்பு, ஏழு. போதுமா? புண்ணின் நிறத்தைக் கேட்டாய், எண்ணிக்கையைக்கூட விட்டு வைக்கவில்லை. ஸ்கேன் எப்போது, என்ன வந்தது என்று ஒரு வரி கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. சர்ஜன் நல்ல மனிதர், மழுப்பத் தெரியாது. "முதல்ல சின்னதா ஒரு ஓட்டை போட்டு கேமராவை உள்ள விட்டுப் பார்ப்போம்மா. வெளிய பரவாம இருந்தா வெட்டுவோம். பரவியிருந்தா வெட்டுறதுல உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல" என்றார். பக்கத்தில் இருந்த மைக்ரோஸ்கோப் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றித் துடைத்தாள்.  வேனில் வரும்போது டிரைவர் அண்ணன், "பரவியிருந்தா வெட்டுவோம்னுதானே சொன்னாரு" என்றார். பரவாமல் இருந்தால் என்பதை மாற்றிச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. நாங்கள் திருத்தவில்லை.

இரண்டு கிலோ ஏறிவிட்டேன். அக்கா தொளதொளவென்று ஒரு முன்பக்கம் திறக்கிற கவுன் தைத்துக்கொண்டிருக்கிறாள், தையல் போட்ட வயிற்றில் உரசாமல் இருக்க. அளவு எடுக்கும்போது டேப்பைச் சுற்றிவிட்டு, வந்த அளவை வாய்விட்டுச் சொல்லவில்லை. எப்போதும் உரக்கச் சொல்கிறவள்.

இன்னொன்று எழுத வேண்டும். நீ ஏன் வர மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்‌ஷனும் இல்லை, பிரசவமும் இல்லை. போன வருஷம் நீ மாதாமாதம் அனுப்பின மாத்திரைகள்தானே? கேள். நான் உன்னிடம் நெஞ்செரிச்சல் என்று மட்டும்தான் சொன்னேன். மலம் கருப்பாகப் போனதையும் எடை இறங்கியதையும் மறைத்துவிட்டேன். பாதியைக் கேட்டு நீ என்ன மருந்து தர முடியும்? தப்பு என்னுடையது. அதை இறக்கி வைத்துவிட்டு ரயில் ஏறு.

உன்,
சுண்டெலி


மார்ச் 14

சுண்டெலி,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒரு பகல் முழுக்க நிம்மதியாக இருந்தேன். வாடிக்கையாளர் ஒருத்தர், "என்னம்மா, இன்னைக்கு சிரிக்கிறீங்க" என்று கேட்டார்.

அப்புறம் உன் பழைய கடிதங்களை எடுத்தேன். மருந்து வந்த அட்டைப் பெட்டியில் வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். நீ மறைத்தாய் என்பதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

நீ மறைக்கவில்லை. ஜூனில், மேல்வயிறு எரிகிறது என்று எழுதியிருக்கிறாய். ஆகஸ்டில், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, களைப்பாக இருக்கிறது. அதற்கு நான் இரும்புச்சத்து மாத்திரை அனுப்பினேன். அக்டோபர் கடிதத்தில் உன் குண்டு குண்டான எழுத்தில் இருக்கிறது: "மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறது, நாலு கிலோ இறங்கிவிட்டேன், டாக்டரைப் பார்க்கட்டுமா?" கேள்வியாகவே கேட்டிருக்கிறாய். நான் என்ன பதில் எழுதினேன் என்று உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் கருப்பாகத்தான் போகும், பயந்தாங்கொள்ளி."

அந்தக் கடிதத்தை நான் கவுண்டரில் நின்றபடி, மூன்று பேருக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே படித்தேன். பெட்டியைத் திறந்ததும் அது எனக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. யாரோ முகம் தெரியாதவர் வந்து அதையே சொல்லியிருந்தால், உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே டாக்டரிடம் போங்கள் என்று விரட்டியிருப்பேன். நீ என்பதால் விளையாட்டாகப் போய்விட்டது.

எனக்காக நீ பொய் எழுத வேண்டாம். கீமோ புண்ணே இன்னும் ஆறவில்லை, அதற்குள் எனக்கு மருந்தாக ஒரு பொய்யும் தயார் செய்திருக்கிறாய். அதை வாங்கிக்கொண்டு உன் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார என்னால் முடியாது.

24ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உண்மையிலேயே நான் வர வேண்டும் என்றால் ஒரு வரி எழுது. அந்த வரி வரவில்லை என்றால் புரிந்துகொள்வேன்.

ஒட்டகம்


மார்ச் 29

சுண்டெலிக்கு,

உன் வரி வரவில்லை. புரிந்துகொண்டேன்.

24ஆம் தேதி பெட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு தபால்காரர் வருகிற வரை வாசலிலேயே இருந்தேன். மின்சார பில் மட்டும் வந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

25ஆம் தேதி காலை எட்டரைக்குக் கடைக்குள் போய் ஷட்டரை உள்ளே இருந்து இறக்கிவிட்டுக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மதியம் ஒன்றரை வரை, ஐந்து மணி நேரம். வெளியே இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். இப்போது வெட்டியிருப்பார்கள், இப்போது தைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை ஆனதும் எழுந்து ஷட்டரைத் தூக்கினேன். நல்லபடியாக முடிந்திருக்கும் என்று ஏனோ நிச்சயமாகத் தோன்றியது.

போன் செய்யக் கை வரவில்லை. நீ எழுத வேண்டாம். தையல்கார அக்காவையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

ஒட்டகம்


ஏப்ரல் 2

ஒட்டகம்,

ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

எட்டரைக்கு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கண் விழித்தபோது எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. ஒன்பதே முக்கால். முதலில் இரவு ஒன்பதே முக்கால் என்று நினைத்தேன். ஜன்னலில் வெயில் அடித்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்திரி மூன்று, தபால்தலை அளவுக்கு. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சர்ஜன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயிற்றின் உறை முழுக்க அரிசியை இறைத்த மாதிரி இருந்ததாம். பரவிவிட்டது. படம் பிடித்துக்கொண்டு, வெட்டாமலே மூடிவிட்டார்கள்.

பாவம், வெளியே இருந்தவர்கள் ஐந்து மணி நேரத்துக்குத் தயாராக வந்திருந்தார்கள். அக்கா கை வேலைக்குத் துணி கொண்டு வந்திருந்தாள், டிரைவர் அண்ணன் இரண்டு பேப்பரும் பெரிய பிளாஸ்க் நிறைய டீயும். பிளாஸ்கைத் திறப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்களாம். அந்த டீயை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்களாம்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். அக்கா காலையில் முட்டையோடு வருகிறாள், நான் ஒன்று போதும் என்றால் சரி என்கிறாள். முன்பெல்லாம் விட மாட்டாள். இன்னும் கீமோ கொடுக்கலாம், நாள் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மைக்ரோஸ்கோப் அழுதாள், கண்ணாடி போட்டபடியே.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பொய்தான் எழுதினேன். ஆபரேஷன் மேஜைக்குப் போவதற்கு முன்னால் பக்கத்தில் நீ வேண்டும் என்று இருந்தது, அதற்காக எழுதினேன். உன் கடிதம் வந்ததும் அந்த ஆசை போய்விட்டது. அக்டோபர் வரியை என் எழுத்தாகவே நீ திருப்பி எழுதி அனுப்பியதைப் படித்தபோது கோபம் வந்தது, ஒட்டகம். அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம். நாலு தடவை கீமோ ஏறினபோதும் வாளியைப் பிடித்துக்கொண்டு உன் "பயந்தாங்கொள்ளி"யைத்தான் நினைத்தேன். அதனால்தான் அந்த ஒரு வரியை எழுதவில்லை. பேனாவை எடுக்க நேரம் இருந்தது.

என் பங்கும் இருக்கிறது. நான் லேபில் வேலை பார்க்கிறவள். ஊசியும் டியூபும் கைக்கு எட்டுகிற தூரத்தில். ஒரு துளி எடுத்துப் பார்த்திருந்தால் ரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். உன் மாத்திரை இருந்ததால் பார்க்காமல் இருக்க முடிந்தது. அந்த வகையில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நீ சொன்னது சரிதான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு முறை தாளை எடுத்தேன். கை போகவில்லை. வேறு ஒன்று தோன்றுகிறது, அதை எழுதுகிறேன். உன்னை எதிரில் உட்கார வைத்துக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. வாய்ப்புண் ஆறிவிட்டது, பேச முடிகிறது. தலையணையில் சாய்ந்து ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது. இந்தத் தெம்பு இன்னும் மூன்று வாரம் நிற்கும் என்கிறாள் மைக்ரோஸ்கோப், அவள் கணக்கு தப்பாது. திட்டவும் தெம்பு வேண்டுமே. நான் கேட்டு முடித்த பிறகு நீ இருக்கலாமா, போகலாமா என்று அப்போது சொல்கிறேன்.

பிரிக்காத பெட்டியை அப்படியே தூக்கிக்கொள். பதில் எழுதாதே. கடிதத்துக்கு மூன்று நாள் ஆகிறது, ரயிலுக்கு ஒரு பகல்தான்.

சுண்டெலி