அப்பா தெருவைக் கடந்தார்

அல்மாட்டி, அக்டோபர் கடைசி

அன்பு மகள் ஷோல்பானுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய ரத்த அழுத்தமும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஹாம்பர்க் குளிரில் உனக்கு இருமல் விட்டதா? தொண்டைக்கு வெந்நீர் குடி.

நம் வாசல் தெருவைச் சுருக்கப் போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, சுருக்கியேவிட்டார்கள். நகராட்சியிலிருந்து ரௌஷான் என்று ஒரு பொறியாளர் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். கார்களுக்கு இரண்டே வரிசை, இருபுறமும் அகலமான நடைபாதை, நடுவில் மரமும் பெஞ்சுமாக ஒரு திட்டு என்று அவள் படத்தை விரித்ததும் கீழ்வீட்டு மளிகைக்கடை சார்சென் எகிறினார். "கார்ல வர்றவங்க வண்டிய எங்கம்மா நிறுத்துவாங்க, என் தலையிலயா?" என்றார். அவள் அசரவில்லை. "இப்போதைக்கு வெறும் பெயின்ட்டும் பூத்தொட்டியும் பெஞ்சும்தாண்ணே. பனி விழற வரைக்கும் பாருங்க, புடிக்கலைன்னா நானே அழிச்சுத் தர்றேன்" என்றாள். சொன்னபடி தினமும் வந்து நின்று பார்த்தாள். சார்செனின் சரக்கு வண்டி திரும்ப முடியவில்லை என்றதும் வாதாடாமல் தொட்டிகளைத் தானே இழுத்து நகர்த்தி வைத்தாள். மழையில் முழுக்க நனைந்துகொண்டே அதைச் செய்தாள், எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது அன்றுதான்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா பாதித் தெரு போவதற்குள் சிக்னல் விளக்கு மாறிவிடும். ஒரு கார்க்காரன் "வீட்லயே கெடக்க வேண்டியதுதானே பெருசு" என்று கத்தினானாம், அதோடு எதிர்ப் பூங்காவில் சதுரங்கம் ஆடப் போவதையே விட்டுவிட்டு ஜன்னலோடு உட்கார்ந்துவிட்டார். போன ஞாயிறு நான் பவுர்சாக் மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. ஜன்னல் வழியே பார்க்கிறேன், நடுத்திட்டு பெஞ்சில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார். செருப்பு மாட்டாமல் ஓடினேன், ஒரு கார் தானாக நின்று வழிவிட்டது. கால் வரவில்லையா என்று கேட்டேன். "கால் வருது. மூச்சு வாங்கிச்சு... உட்கார்ந்தேன். இங்க உட்கார இடம் இருக்கு" என்று திக்கித் திக்கிச் சொன்னார். பிறகு என் கையைத் தள்ளிவிட்டு எழுந்து மீதியையும் தனியாகக் கடந்தார். நான் அதே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சார்சென் கடையிலிருந்து, "என்ன தங்கச்சி, நடுரோட்ல உட்கார்ந்து அழற, வீட்ல அடுப்பு கிடுப்பு எரியலையா?" என்றார். அப்போதுதான் எண்ணெய் ஞாபகம் வந்தது. பவுர்சாக் எல்லாம் கரி.

நேற்று பெயின்ட் கோட்டின் மேலேயே கல் பதிக்க ஆரம்பித்துவிட்டார்கள், இனி அழிக்க மாட்டார்கள். நடந்து போகிறவர்கள் நின்று வாங்குவதால் சார்சென் தன் கடை வாசலிலும் ஒரு பெஞ்சு கேட்டு ரௌஷானை நச்சரிக்கிறார். அவளுக்கு ஒரு பை ஆப்பிள் கொடுத்தேன், ஒன்றை நின்றபடியே கடித்தாள், கண்ணை மட்டும் தெருவிலிருந்து எடுக்கவில்லை.

நீ நீண்ட ஆயுளோடு மனம் நிறைந்து இரு கண்ணே. ரோட்டைக் கடக்கும்போது போனைப் பார்க்காதே. அப்பாவும் இரண்டு வரி எழுதட்டும் என்று இந்த இடத்தை விட்டு வைத்திருந்தேன், இருட்டப் போகிறது, மனிதர் இன்னும் பூங்காவிலிருந்து வந்தபாடில்லை. அதனால் அவருக்கும் சேர்த்து நானே முத்தம் அனுப்புகிறேன்.

உன் அம்மா,
ரைஹான்