அந்த மஞ்சள் போத்தல் போய்விட்டது, அக்கா

கமலா அக்கா, என் கூடப் பிறக்காத அக்கா,

நீங்கள் எங்கே இருந்தாலும் முதலில் உங்கள் காதுக்கு எட்ட வேண்டிய செய்தி இது. அந்தப் போத்தல் போய்விட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி நீங்கள் ஆறுதலாக இருக்கலாம்.

பொரளை மயானத்தில் உங்களை வழியனுப்பி ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்வாங்கில் பிள்ளைகளுக்காகப் பாடத்தைத் திரும்பச் சொல்லும்போது முன்வாங்கில் பொறுத்திருக்குமே, அப்படிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நீங்கள் உயிரியல், நான் இரசாயனவியல். வெள்ளவத்தையில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறுவோம். யுத்த காலம் அது. அப்படி ஒரு நாள் ஆய்கூடத்தை ஒட்டிய களஞ்சிய அறையைத் துப்புரவாக்கப் போனோம். சுவர் அலுமாரியில், ஃபோமலினில் கிடந்த தவளைகளுக்குப் பின்னால் அது நின்றது. நான் கையை நீட்டினேன்.

“தொடாதை மலர்,” என்று என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். “கழுத்தைப் பார்.”

போத்தலின் கழுத்தைச் சுற்றி மஞ்சளாகப் பளிங்கு கட்டியிருந்தது. உள்ளே ஈரம் என்று ஒன்றுமே இல்லை. பிக்கிரிக் அமிலம். எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ இழையங்களைப் பதப்படுத்துவதற்கென்று வாங்கி, கொஞ்சம் எடுத்துவிட்டு மறந்த போத்தல்.

வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மழையில் நனைந்த தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. காய்ந்தால் பழைய குணம் வந்துவிடும். பிக்கிரிக் அமிலமும் அப்படித்தான். அதைத் தண்ணீரில் நனைத்துத்தான் விற்பார்கள், நனைத்தே வைத்திருக்க வேண்டும். காயவிட்டால், தட்டினாலும் உரசினாலும் வெடிக்கக்கூடிய பொருளாகிவிடும். தேன் போத்தலின் மூடியில் சீனி உறைந்து, திருகும்போது கரகரக்கும் அல்லவா? அந்தக் கரகரப்பு போதும். உலோக மூடியோ உலோகக் கரண்டியோ பட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

செய்ய வேண்டியது என்ன என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். தொடக் கூடாது, அசைக்கக் கூடாது, மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாம் என்று நினைக்கவே கூடாது. அறையை விட்டு எல்லாரையும் வெளியேற்றி, கதவைப் பூட்டி, வெடிபொருள் அகற்றுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்தோம். கடைசியில்தான் நின்றுபோனோம்.

அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் உங்கள் மகன் ரமணனைப் பொலிஸ் கொண்டுபோய் வைத்திருந்துவிட்டு அனுப்பியிருந்தது. அவன் அறையில் அகப்பட்டது ஒரு பழுதான ரேடியோவும் கொஞ்ச வயரும்.

“வயர்த் துண்டுக்கே அவனை அந்தப் பாடு படுத்தினவங்கள், மலர். வெடிக்கிற சாமான் இருக்கெண்டு நாங்களே போய்ச் சொன்னால்? முதல்லை என்னைக் கேப்பாங்கள். பிறகு உனக்கு ஒரு மகன் இருக்கிறானோ எண்டு கேப்பாங்கள்.”

“சொல்லாட்டி, அக்கா?”

“சொல்லாட்டி, ஒருத்தரும் தொடாமல் பாப்பம்.”

போத்தலை இருந்த இடத்திலேயே விட்டு, அலுமாரியைப் பூட்டினோம். கதவில் ஒட்டுவதற்கு நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘உடைந்த கண்ணாடி. திறக்க வேண்டாம்.’ அந்த அறையில் மேசை இழுக்கக்கூட நீங்கள் விட்டதில்லை. உங்களைச் சிடுமூஞ்சி டீச்சர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நீங்கள் ஓய்வுபெற்றபோது சாவி என்னிடம் வந்தது. நான் ஓய்வுபெற்றபோது அடுத்து வந்த ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். அவர் வெளிநாடு போனார். யாருக்குச் சொன்னாரோ, சொல்லவில்லையோ, எனக்குத் தெரியாது. கதவில் மிஞ்சியது அந்தக் கடதாசி மட்டும்தான்.

போன மாதம் ஒரு நாள் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு. இப்போது அங்கே இரசாயனவியல் படிப்பிக்கிற ஷிஃபானா.

“டீச்சர், என்னை உங்களுக்குத் தெரியாது, பழைய பதிவில பாத்துத்தான் உங்கட நம்பர் எடுத்தன். களஞ்சிய அறைய இடிச்சுக் கம்ப்யூட்டர் ரூம் கட்டப் போறாங்க. மேசன் பாஸ் அலவாங்கு போட்டு அலுமாரியக் கிளப்பப் போனார். உடைஞ்ச கண்ணாடிதானே, அள்ளிக் கொட்டலாம் எண்டார். எனக்கு என்னமோ மனசு கேக்கல்ல. இடுக்கால ஃபோன் லைட் அடிச்சிப் பாத்தன். மஞ்சளா இருக்கு.”

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன். “ஆக்கள் எங்கை பிள்ளை?”

“எல்லாரையும் கீழ இறக்கிட்டன் டீச்சர். மாடியில ஒரு குருவியும் இல்ல.”

நான் ஓட்டோவில் போய்ச் சேர்ந்தபோது, வேலையாட்கள் கோபத்தோடு வாசலில் நின்றார்கள். பள்ளிக்கூட அதிபர் நல்ல மனுசன், அக்கா, ஆனால் பயந்த மனுசன். என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

“டீச்சர், பொலிஸ் எண்டு போனால் பேப்பரிலை வரும். தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை வெடிமருந்து எண்டு போடுவாங்கள். மெல்லமா ஒரு ஓட்டோவிலை ஏத்தி, களனி ஆத்திலை விட்டிட்டால் என்ன?”

“நல்ல யோசினை, சேர். ஓட்டோ பள்ளத்திலை விழேக்கை போத்தலை மடியிலை வச்சிருக்கப் போறது நீங்களோ, நானோ?”

அவர் சொன்னது புதிதும் இல்லை. நாங்கள் அன்றைக்குப் பயந்த அதே பயம்தான், ஆள்தான் வேறு. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. “அலவாங்கு வச்சிருந்த அந்த மனுசனுக்கும் வீட்டிலை பிள்ளையள் இருக்கும், சேர்,” என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே பொலிசுக்கு அழைப்பு எடுத்தார்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் வந்தார்கள். அவர்களில் பெரியவராக வந்தவரே இளம் வயதுதான்; நாங்கள் அந்தக் கதவைப் பூட்டிய காலத்தில் பால் குடித்துக்கொண்டிருந்திருப்பார். மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, ஃபோனில் எடுத்த கடதாசியின் படத்தைக் காட்டி, “மேக்கே மொகத லியலா தியென்னே?” என்று கேட்டார். இதில் என்ன எழுதியிருக்கிறது? ஷிஃபானா சிங்களத்தில் சொன்னாள், உடைந்த கண்ணாடி என்று.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முற்றத்தில் பாதிக் குழைத்த சீமெந்து காய்ந்துகொண்டிருந்தது.

நான் முன்னுக்கு வந்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், எழுதியது நான்தான், பூட்டியது நாங்கள் இரண்டு டீச்சர்மார் என்றேன். “பய வென்ன எப்பா, டீச்சர்,” என்றார். பயப்படாதீர்கள் என்று. ஒருவரும் திறக்காமல் பார்த்துக்கொண்டது பெரிய காரியம், ஆனால் கடதாசியில் உள்ளதை நம்பித் தங்கள் ஆட்கள் கை வைத்திருந்தால், என்று சொல்லி அந்த வசனத்தை முடிக்காமல் விட்டார். அக்கா, ஆபத்தை மூடி வைத்ததைவிட, ஆபத்தின் மேல் பொய்ப் பெயர் ஒட்டியதுதான் பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மற்ற டீச்சரின் பெயர் என்ன என்று கேட்டார்.

அவர் கேட்டது மரியாதையாகத்தான். எழுதிக்கொள்ளப் பேனாவைக்கூட எடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் நான் மறுபடி பஸ்ஸால் இறங்கிச் சோதனைச் சாவடி வரிசையில் நின்றேன். “எயா நெத்தி உனா,” அவர் காலமாகிவிட்டார், என்று மட்டும் சொன்னேன். உங்களை யாரும் எதுவும் செய்ய முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அப்படியிருந்தும் உங்கள் பெயரை நான் சொல்லவில்லை.

போத்தலை அவர்கள் முறைப்படி எடுத்துக்கொண்டுபோய், ஆளில்லாத இடத்தில் அழித்தார்களாம். சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த நாள் ஷிஃபானாவுக்கு அழைத்துச் சொன்னார்கள்.

அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். “டீச்சர், அந்த நேரமே சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்?”

தெரியாது என்றேன். உங்களுக்குத் தெரியுமா, அக்கா? அன்றைக்கு வந்திருக்கக்கூடியவரும், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போமா? ரமணன் இன்றைக்கு ரொறன்ரோவில் உங்கள் பேரப்பிள்ளையோடு பனியில் நடக்கிறான் என்றால், அதில் எங்கள் மௌனத்துக்கும் பங்கு உண்டா? அந்த ஆய்கூட மேசைகளில் படித்துவிட்டுப் போன அத்தனை பிள்ளைகளும் எங்கள் கவனத்தால் தப்பினார்களா, அதிர்ஷ்டத்தாலா? எந்தப் பக்கம் விடை எழுதினாலும் எனக்கு முழுப் புள்ளி போட மனம் வரவில்லை.

எங்கள் கல்வி வலயத்து விஞ்ஞான ஆசிரியர்களின் கூட்டத்தில் நான் இதைப் பேச வேண்டும் என்று ஷிஃபானா கேட்டிருக்கிறாள். எத்தனை ஆய்கூடங்களில் எத்தனை தவளைகளுக்குப் பின்னால் இப்படி ஒன்று நிற்கிறதோ, யாருக்குத் தெரியும். பேசுவதற்கு முன்னர் ரமணனுக்கு அழைப்பு எடுத்தேன். அவனுக்கு இந்தக் கதை ஒன்றுமே தெரியாது. கடைசிவரை கேட்டான்.

“அம்மா எனக்காகவோ, அன்ரி, சொல்லாமல் விட்டவா?”

“ஓம், ராசா.”

“அப்ப சொல்லுங்கோ. அம்மான்ரை பேரைச் சொல்லுங்கோ, முழுப் பேரையும். இனி எனக்காக ஒருத்தரும் பயப்பிட வேண்டாம்.”

அக்கா, இந்தக் கடிதத்திலும் உங்கள் பாதிப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். என் கைக்கு இன்னும் அவ்வளவுதான் துணிவு. ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பேன். எந்தப் போத்தலின் மேலும் உள்ளே இருப்பதன் உண்மையான பெயரை எழுதுங்கள், மூன்று மொழியிலும் எழுதுங்கள், காய்ந்ததைக் கண்டால் தொடாமல் உடனே சொல்லுங்கள் என்பேன். சொல்லப் பயந்த இரண்டு பேரைப் பற்றியும், ஏன் பயந்தோம் என்பதையும் சொல்வேன். ஒரு பெயர் என்னுடையது. மற்றதையும் முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொல்வேன்.

உங்கள் தங்கச்சி,
மலர்
வெள்ளவத்தை