ஆடுகிற கக்கூஸ்

ஜூன் 9
கக்கூஸ் பீங்கான் மறுபடியும் ஆடுகிறது. தண்ணீர் ஊற்றினால் அடியிலிருந்து கசிகிறது. நாற்றம் வேறு. வெஸ்டர்ன்தான் வேண்டும் என்று, ஆள் வைக்காமல் தானே மாட்டியவர் தமிழினி அப்பா. சுற்றிலும் வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டு, "யானை உக்காந்தாலும் அசையாதுடி" என்றார். யானை எதற்கு? நான் உட்கார்ந்தாலே ஆடுகிறது. மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவரைத் திட்டக் கூடாதாம். திட்டாமல்?

ஜூன் 12
பிளம்பர் அசரியா வந்தான். காதில் போன். குனிந்துகூடப் பார்க்கவில்லை, காலால் ஒரு தள்ளு. "ஒண்ணுமில்லக்கா, லைட்டா ஆடிக்கினு கீது." பழைய சிமெண்ட் மேலேயே புதுசை அப்பினான்.

"கழட்டிப் பாக்கலையா?"

"பழசெல்லாம் ஒடைக்கணும்க்கா, பரவால்லியா?"

அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் கையால் பூசியது. என்னைப் போல முட்டாள் உண்டா?

ஜூன் 15
ஓரம் பூரா விரிசல். தூ.

ஜூன் 20
தமிழினியைப் பிரசவத்துக்கு இங்கே அனுப்புவது பற்றிப் பேச, அவள் மாமியார் சுந்தரவல்லி படப்பையிலிருந்து வந்தாள். காபி குடித்தாள். கக்கூஸ் போனாள். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"சம்பந்திம்மா, புள்ளத்தாச்சி இதுல வழுக்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது? துக்க வூடு வேற. நாங்களே பாத்துக்கறோம்."

துக்க வூடாம். இவள் வீட்டில் சாவே விழுந்ததில்லை போல. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று தெரியாதா? எரிச்சல் என்னவென்றால், முதலில் சொன்னது சரி. அவர் போனபின் எனக்கென்று வர இருந்தது அந்தக் குழந்தை ஒன்றுதான். அதுவும் இந்தக் கக்கூஸால் போவதா?

ஜூன் 21
அசரியாவைக் கூப்பிட்டேன். "எல்லாத்தையும் ஒட. கழட்டு. போன் பேசினா புடுங்கி உள்ள போட்டுடுவேன்" என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன்.

சிமெண்டைப் பெயர்த்துப் பீங்கானைத் தூக்கினான். சிரித்தான். "அக்கா, ஸ்குரூவே இல்ல! தரையில ஓட்டைகூட போடல. வெறும் சிமெண்ட்ல நிக்க வெச்சுக்கீறாரு அண்ணன்."

யானையாம். அட பாவி மனுஷா, ஒரு ஸ்குரூ— ஒரே ஒரு ஸ்குரூ போடத் தெரியல, உனக்கு அத்தனை பீத்தல்— நின்றபடியே அழுதேன்.

"நல்லா போட்டுர்றேன்க்கா, அழாத" என்கிறான். இவன் மட்டும் என்ன, போன தடவை கழட்டிப் பார்த்துவிட்டா பூசினான்?

தரையைத் துளைத்து ஸ்குரூ போட்டான். கீழ்க்குழாய் வாயில் புது ரப்பர் வளையம். சிமெண்ட் காயும் வரை உட்காரக் கூடாதாம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு கோகிலவாணியிடம் போய் நின்றேன். இந்நேரம் தெருவுக்கே சொல்லியிருப்பாள்.

ஜூன் 24
ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. சம்பந்திக்குப் போன் போட்டு, "நீங்களே வந்து உக்காந்து பாருங்க" என்றேன்.

ஜூன் 29
நிஜமாகவே வந்து உட்கார்ந்து பார்த்தாள்! வெளியே வந்து, காபியில் சர்க்கரை கம்மி என்றாள். வேறு குறை கிடைக்கவில்லை.

ஜூலை 6
தமிழினி வந்துவிட்டாள். கக்கூஸ் உள்ளே போய்த் தாழ் போட்டு எவ்வளவு நேரம்! புருஷனோடு போனில் சிரிப்பு. எனக்கோ அவசரம். கதவைத் தட்டப் போனேன், தட்டவில்லை. கோகிலவாணி வீட்டுக்கே போகிறேன். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.