பதினேழாம் நம்பர் திருப்புளி

அண்ணா,

இன்று காலை பொழிச்சலூரிலிருந்து ஒருவர் தன் பழைய காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். டிரைவர் பக்கத்துக் கதவுக்குள் ஏதோ கடகடவென்று உருளுகிறதாம். ஆறு மாதமாக இதே சத்தமாம். அதைக் கேட்கப் பிடிக்காமல் அவர் வீட்டுக்காரம்மா காரில் ஏறுவதையே விட்டுவிட்டாராம். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார், சத்தத்த எடுத்துடட்டுமா, இல்ல அப்டியே இர்க்கட்டும்னு உட்டுடட்டுமா?" என்றேன். மனிதர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்.

கதவின் உள் அட்டையைக் கழற்றிக் கையை விட்டால் ஒரு போல்ட். அரை விரல் நீளம். எந்த மெக்கானிக் மறந்துவிட்டுப் போனானோ. அவர் அதை வாங்கிப் பார்த்தார், தெருவில் எறிந்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எனக்குத்தான் அதன் பிறகு வேலை ஓடவில்லை. பட்டறைக்கும் டீக்கடைக்குமாக ஏழு தடவை நடந்தாயிற்று. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. உங்கள் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. உங்களிடம் சொல்லியாக வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. அதை வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசி. சேலையூர் பக்கத்து விமான மியூசியத்தில் வெட்டவெளியில் நின்ற அந்த மஞ்சள் விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். மூக்கில் ஒரு காத்தாடி, முன்னே ஒரு சீட், பின்னே ஒரு சீட். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிற பையன்களுக்கானது என்றார்கள். காரின் ஒடுக்கைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் நான். அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவன். கிட்டே போய்த் தட்டிப் பார்த்தேன். நம் ஊர்க் காரை விடத் தகரம் மெல்லிசு. இதை நம்பியா மேலே போனார்கள் என்று இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரிட்டயரான விமானப்படைக்காரர்கள் எல்லாரும் அங்கே கூடிவிடுவீர்கள். வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு கதை. ஒருவர், இதன் றெக்கை மேல் குளிரில் படுத்து வேலை செய்ததில் விரல் ஒட்டிக்கொண்டது என்பார். இன்னொருவர், இறங்கும்போது கழன்று ஓடிய சக்கரத்தைச் சைக்கிளில் துரத்திப் பிடித்தேன் என்பார். அத்தனை பேரும் அத்தனை ஊரிலும் வேலை பார்த்தது இதே விமானத்தில்தான்.

"ஒரே விமானத்துல இத்தினி பேரு தொங்கிகினு போனீங்களா? இது இன்னா தாம்பரம் பஸ்ஸா சார்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. சார்ஜென்ட்டாக இருந்து ரிட்டயரானவர் என்று உங்களைக் காட்டினார்கள். விமானத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தீர்கள். வலது கையின் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"உக்காருங்கண்ணா. விமானமே களைச்சுப் போயி உக்காந்துகினு கீது."

"நீ உன் வேலையப் பாருடா, டிங்கர்."

அதுதான் நம் முதல் பேச்சு. அடுத்த வாரம் எனக்கும் சேர்த்து அண்ணி செய்த எலுமிச்சை சாதம் கொண்டுவந்தீர்கள்.

வாலில் பெயிண்ட் ரிமூவர் தடவி உரித்தபோது, மேலே எழுதியிருந்த நம்பருக்கு அடியில் இன்னொரு பழைய நம்பர் தெரிந்தது. நீங்கள் கிட்டே வந்தீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தீர்கள். பிறகு அந்தச் சிமெண்ட் தரையில், வேட்டி பாழாவதைக்கூடப் பார்க்காமல், அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று சொன்னீர்கள். அறுபதுகளில், வடக்கே ஒரு பயிற்சி முகாம். கருவிகளை மாட்டுவதற்கு ஒரு பலகை. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் கறுப்பு பெயிண்டில் வரைந்திருப்பார்கள். கருவியை மாட்டினால் கறுப்பு மறைந்துவிடும். எங்காவது கறுப்பு தெரிந்தால் ஒரு விமானமும் கிளம்பக் கூடாது. தொலைந்தது கிடைக்கிற வரைக்கும் யாரும் நகரக் கூடாது. விமானத்துக்குள் விழுந்த கருவி உருண்டு போய், ஓட்டுகிறவன் விமானத்தைத் திருப்புகிற கம்பியில் சிக்கினால் ஆள் காலி.

அந்தக் காலையில் நீங்கள் இரண்டு விமானங்களில் பின்சீட்டுக்கு அடியில் வேலை செய்தீர்கள். முடித்து வந்து பார்த்தால் பலகையில் ஒரு குட்டைத் திருப்புளியின் இடம் கறுப்பாக இருந்தது. அன்று சாயங்காலம் உங்களுக்கு ரயில். ஐந்தாம் நாள் கல்யாணம். தொலைந்தது என்று சொன்னால் லீவு போய்விடும். உங்கள் சொந்தப் பெட்டியிலிருந்து அதே அளவில் ஒரு திருப்புளியை எடுத்து அந்தக் கறுப்பின் மேல் மாட்டிவிட்டீர்கள்.

இரண்டும் பறந்தன. ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்றில் தனியாகப் போன இருபத்தோரு வயதுப் பையன் கடலைக்காட்டில் விழுந்து செத்துப்போனான். எல்லாம் கருகிவிட்டது. ஒரு மாதம் யாரையும் ஊருக்கு விடாமல் விசாரித்தவர்கள், பையன்தான் தப்பாக ஓட்டினான் என்று எழுதினார்கள். நீங்கள் வாய் திறக்கவில்லை. அவனுடைய டிரங்குப் பெட்டியை வீட்டுக்கு அனுப்பும்போது, மேலே விலாசம் எழுத உங்களைத்தான் கூப்பிட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

"அவங்க அம்மா பேரு, தெரு, ஊரு எல்லாம் வெள்ளை பெயிண்ட்ல எழுதினேன்டா. இன்னிக்கும் அப்படியே ஞாபகம் இருக்கு."

அந்தப் பழைய நம்பர்படி மியூசியத்தில் நின்றது திரும்பி வந்த விமானம்; அன்றே அதைப் பூட்டி வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டதால் உங்களால் தேடிப் பார்க்க முடிந்திருக்கவில்லை. உங்கள் திருப்புளி இதற்குள் கிடந்தால், அது அந்தப் பையனின் விமானத்தில் இல்லை. அப்படியென்றால் அவனைக் கொன்றது நீங்கள் இல்லை.

"ஒல்லியா இருக்க. உள்ளே போவியா?" என்று கேட்டீர்கள்.

போனேன். தூசி தட்டுகிறேன், துடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வயிற்றுக்குள் பல்லி மாதிரி ஊர்ந்தேன். அணில் கூடு ஒன்று, பேனா மூடி, சட்டைப் பித்தான், என்றைக்கோ செத்த எலி. நீங்கள் வெளியே தகரத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

"கிடைச்சுதா?"

"எலி கீதுண்ணா. உங்க பேட்ச்சான்னு பாருங்க."

மிச்சம் இருந்தது ஒரே இடம். பின்சீட்டின் அடியில் பிற்பாடு யாரோ ஒரு தகட்டை வைத்து ரிவெட் அடித்து மூடியிருந்தார்கள். அதைத் திறக்க மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட கமாண்டர் சார் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பொருளில் துளைபோடக் கூடாதாம். நீங்கள் காரணம் சொல்லியிருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார். நீங்கள் சொல்லவில்லை.

அதற்கப்புறம் உங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பீர்கள், மூடுவீர்கள். கேட் வரைக்கும் போவீர்கள், திரும்பி வருவீர்கள். அண்ணி என்னைக் கூப்பிட்டு, "அவருக்கு என்னப்பா ஆச்சு? வீட்டுலயும் இப்படித்தான். தன் கல்யாணத்துக்கே ஒரு மாசம் லேட்டா வந்த மனுஷன், இப்ப எங்க போக இவ்ளோ அவசரம்?" என்றார். அந்த ஒரு மாதம் எதனால் என்று தெரிந்தவன் நான். தெரியாதவன் மாதிரி சிரித்தேன்.

நான் செய்த காரியம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மரக்கைப்பிடி போட்ட குட்டைத் திருப்புளி ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தேன். உப்புத் தண்ணீரில் நாலு நாள் போட்டேன். கிரீஸைத் தடவி மண்ணில் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை உள்ளே ஊர்ந்து போய், "அண்ணா, கெடச்சுட்ச்சு" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"என் நம்பர் பதினேழு. என் டூல் ஒவ்வொண்ணுலயும் அதை அடிச்சிருக்கும். உனக்கு நான் சொல்லல, இல்ல?"

நான் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் பழசாக்கியிருக்க. கார்லயும் இப்படித்தான் ஏமாத்துவியா?"

"அங்க பழச புச்சாக்குவேண்ணா. இங்கதான் உல்ட்டாவா பூட்ச்சு."

சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். பிறகு அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன்: நடுவில் எத்தனையோ தடவை இதைப் பிரித்து மாட்டியிருப்பார்களே, அப்போது யாராவது எடுத்துப்போட்டிருக்கலாமே? தலையை ஆட்டினீர்கள். "எடுத்திருந்தா அன்னிக்கே என்னைக் கூப்பிட்டிருப்பாங்க. நம்பர் இருக்கே. ரிட்டயர் ஆகிற வரைக்கும் கூப்பிடுவாங்கன்னுதான் காத்துகிட்டு இருந்தேன்."

திருப்புளியை என் கையில் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னீர்கள். "கிடைச்சா எனக்கு நிம்மதி. கிடைக்கலன்னா அந்தப் பையனுக்கு நியாயம். என்னோட நிம்மதியத்தான் இத்தனை நாளா தேடிட்டு இருக்கேன், பாத்தியா?"

அடுத்த வாரம் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தீர்கள். மேலே இந்தியில் அந்தப் பையனுடைய அம்மாவின் விலாசம். உள்ளே நடந்ததையெல்லாம் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். "என்னைக்காவது அந்தத் தகட்டைத் திறப்பாங்க. நீதான் திறப்ப. இருந்தா இதைக் கிழிச்சுப் போட்டுடு. இல்லன்னா போஸ்ட் பண்ணிடு. அந்த அம்மா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

"இப்பவே போஸ்ட் பண்ணா இன்னாண்ணா?"

"தைரியம் இல்லடா."

அந்த ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். சொல்லாமல் கொள்ளாமல், சாப்பிட்ட கை காய்வதற்குள்.

சேதி இதுதான் அண்ணா. சுற்றி வளைத்துவிட்டேன், மன்னியுங்கள். போன மழைக்கு அந்தத் தகட்டின் கீழே தண்ணீர் தேங்கி, அலுமினியம் வெள்ளையாகப் பூத்து உப்பிக்கொண்டது. கமாண்டர் சாரே கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார். பதினொரு ரிவெட். ஒவ்வொன்றாக வெட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கையை விட்டுத் துழாவினேன். அதுவும் போதாமல் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி மூலை மூலையாக இழுத்தேன். இரண்டு வாஷர் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு குளவிக்கூடு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மறுபடியும் ஒரு தடவை இழுத்தேன். இல்லை அண்ணா.

உறையைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. உண்மையைத்தான் சொல்கிறேன். செத்தவரின் பேரை எதற்கு இழுப்பது, அந்தப் பையன் விழுந்தே முப்பது வருஷம் ஆகிவிட்டதே என்று தோன்றியது. இரண்டு மாதம் அதை வைத்துக்கொண்டு அலைந்தேன். தபால் நிலைய வாசலில் சைக்கிளை நிறுத்துவேன், உள்ளே கூட்டமாக இருக்கிறது என்று திரும்பிவிடுவேன். அங்கே மூன்றே பேர்தான் நின்றிருப்பார்கள்.

கடைசியில் அண்ணியிடம் போனேன். அவருக்குத் தெரியாமல் அந்தக் கடிதத்தைப் போட எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், கல்யாண லீவு உட்பட. அண்ணி முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"ஒரு மாசம் லேட்டுன்னு வாழ்க்கை பூரா அவரை இடிச்சுக் காட்டினேனேப்பா. ஒரு தடவைகூட எதுத்துப் பேசல. பேசியிருக்கக் கூடாதா அவரு?"

பொறுக்கிய கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு, "சாதாரணமா போடாத. ரிஜிஸ்டர் பண்ணு. போய்ச் சேர்ந்ததுன்னு தெரியணும்" என்றார். தபால் நிலையத்துக்கு அவரும் வந்தார். கவுண்டரில் உறையை நீட்டியது அண்ணிதான்.

மூன்று வாரம் கழித்து, கடிதம் வாங்கியவர் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற அந்த அட்டை என் பட்டறைக்கு வந்தது. இந்தியில் ஒரு கிறுக்கல். எனக்குத் தமிழே தடவல். வடக்கே உங்களோடு பதினைந்து வருஷம் குடும்பம் நடத்திய அண்ணியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அந்த அம்மா பேருதான். பாரு, இங்க பேனா நின்னுடுச்சு. அப்புறம் திரும்ப எழுதியிருக்காங்க."

பதில் எதுவும் வரவில்லை. திட்டியும் வரவில்லை, மன்னித்தும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே எழுந்து நின்றுவிடுகிறேன். "இன்னாப்பா, லவ் லெட்டரா எதிர்பாக்குற?" என்று அவர் கேட்கிறார். ஊரையே கிண்டல் செய்தவன் நான், இப்போது அவர் பையைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.

அட்டையை அண்ணி வாங்கிக்கொள்ளவில்லை. நீயே வைத்துக்கொள் என்றுவிட்டார். பிளாஸ்டிக் உறை போட்டு, லைசென்ஸோடு சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். குனிந்து வேலை செய்யும்போது நெஞ்சில் குத்துகிறது. எடுத்து வேறெங்காவது வைக்கலாம்தான். வைக்க மனம் வரவில்லை.

அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அண்ணா.