கருகுவதற்கு ஒரு மூச்சு முன்

நேற்றுக் காலை கிள்ளான் மீன் பாசாரில் நண்டுக்காரர் என்னை நிறுத்தினார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமைக்கு நண்டு எடுத்து வைக்கவா? இப்பல்லாம் கேஎல் பக்கம் போறதில்லையா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். "கூட்டாளி நல்லா இருக்காங்களா?" என்றார். அதற்கும் அதே தலையாட்டல்தான். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. ஐஸ் பெட்டிக்குள் கால் கட்டிய நண்டுகள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. நீ போய் நாலு மாதமாகிறது. இதை ஓர் அந்நிய மனிதரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

பதினொரு வருடம், ஞாயிறுதோறும் அந்த நண்டோடும் இறாலோடும் கொமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து பிரிக்பீல்ட்ஸில் உன் பிளாட்டுக்கு வந்திருக்கிறேன். உன் கணவர் இறந்த வருடம் ஆரம்பித்த வழக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஐம்பது வயதுக்குமேல் மறுபடியும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம்.

நீ இளவயதில் நாலு வருடம் லூசியானாவில் படித்தவள். விடுமுறைக்கு ஊர் திரும்பக் காசில்லாமல், கூடப் படித்தவர்களின் வீடுகளுக்குப் பஸ் பிடித்துப் போய், போன இடத்திலெல்லாம் அடுப்படியில் நின்றவள். அமெரிக்கச் சாப்பாடு என்றால் பர்கர்தானே என்று யாராவது சொன்னால் உனக்கு முகம் மாறிவிடும். "அது ஒரு ஊரு இல்ல லா, அம்பது ஊரு. கிள்ளான் சாப்பாடும் காஜாங் சாப்பாடும் ஒண்ணா?" என்பாய்.

லூசியானாவின் கம்போ என்ற குழம்புதான் உன் உயிர். முதன்முறை அந்தக் கொதிக்கும் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "வெண்டைக்காய்க் குழம்பு வைக்கக் கத்துக்கவா பிளேன் ஏறிப் போனே?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அந்தக் குழம்புக்குப் பேரே வெண்டைக்காய்தான் டி. ஆப்பிரிக்காவிலேர்ந்து பிடிச்சுட்டுப் போன சனங்க, வாயில கொண்டுபோன வார்த்தை" என்றாய்.

அதற்கு அடித்தளம், மாவையும் எண்ணெயையும் கனத்த இரும்புச் சட்டியில் போட்டு, முக்கால் மணி நேரம் கை எடுக்காமல் கிண்டுவது. வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் செம்பாகும், செம்பு கருப்பட்டி நிறத்துக்கு வரும். அதற்குமேல் ஒரு நொடி போனாலும் கசந்துவிடும். "கருகுறதுக்கு ஒரு மூச்சு முன்னாடி நிறுத்தணும், சரோ. கண்ணு ஏமாத்தும். மூக்கு ஏமாத்தாது."

அந்த மூக்குதான் உன்னை ஏமாற்றியது.

முதல் தடவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாவு இன்னும் சந்தன நிறத்தில்தான் இருந்தது. நீ திடீரென்று அடுப்பை அணைத்தாய். "கருகிப்போச்சு" என்றாய். நான் குனிந்து முகர்ந்தேன். வறுத்த கோதுமை வாசம், அவ்வளவுதான். "எங்க கருகுது?" என்றேன். நீ அந்த நல்ல மாவைக் குப்பையில் கொட்டினாய். சட்டியைக் கழுவி, முதலிலிருந்து ஆரம்பித்தாய். சாப்பிடும்போது இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். வயசாகிவிட்டது, மூக்குக்கும் கண்ணாடி போட வேண்டும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, உன் தெருமுனைக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். உன் மகள் ஷாமினியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் உண்டாகியிருந்தாள். ஆறாவது மாதம். பேச்சு பாதியில் நின்றது. உன் கண்கள் என்னைத் தாண்டிச் சுவரில் எதையோ பார்த்தன. எதையோ சுவைப்பதுபோல் உன் உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன. நான் கூப்பிட்டேன். கையைத் தொட்டேன். அரை நிமிடம் இருக்கும். பிறகு நீ திரும்பினாய்.

"ரப்பர் கருகுது. உனக்கு வாசம் வரல? சரி, நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்?"

முப்பது வருடம் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் உதறுவது மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். அந்த மாத்திரைகளின் பெயர்கூட அந்தக் கணத்தில் மனதில் ஓடியது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

மேலே வந்ததும் கேட்டேன். நீ மறைக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாலு முறை வருகிறது என்றாய். முதலில் பக்கத்து வீடுகளின் கதவையெல்லாம் தட்டினாயாம். கீழ்வீட்டுச் சீன அங்கிள் இரண்டு முறை வந்து கேஸ் குழாயைச் சோதித்துப் பார்த்தாராம்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"போறேன். பிள்ள பொறக்கட்டும்."

"அதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு."

"ஒன்பது வருஷம் அழுதவ டி அவ. ரெண்டு கலைஞ்சு போச்சு. இப்பப் போய் என் தலைக்குள்ள என்னமோ இருக்குன்னா, அவ தாங்குவாளா? சொல்லமாட்டேன்னு சொல்லு."

"அவளுக்குச் சொல்ல வேணாம். நீயும் நானும் மட்டும் போவோம்."

"போனா படுக்க வச்சிருவாங்க. அவ வந்து நிப்பா. சொல்லமாட்டேன்னு சொல்லு, சரோ."

சொல்லமாட்டேன் என்றேன். இன்றுவரை அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கிறேன்.

அதன்பின் வந்த ஞாயிறுகள் வேறு மாதிரி இருந்தன. நீ முன்னைவிட உற்சாகமாகச் சமைத்தாய். கம்போ மட்டும் போதாது என்று, தின்ற ஊரையெல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்குக் கொண்டுவந்தாய். நான் ருசிக்கவில்லை. உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி உன் விரலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். கொதிக்கும் எண்ணெய்க்கும் உனக்கும் நடுவில் ஏதாவது சாக்குச் சொல்லிப் போய் நின்றேன். தினமும் காலை ஏழு மணிக்கு உனக்குப் போன் செய்வேன். நீ எடுக்கும்வரை அடிக்கும் மணிகளை எண்ணுவேன். ஒருநாள் பதினாறு அடித்தது. குளித்துக்கொண்டிருந்தேன் என்றாய். நான் அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

ஷாமினி செராஸிலிருந்து எப்போதாவது போனில் பேசுவாள். "அம்மா எப்படி இருக்காங்க ஆன்டி? குரல் ஒரு மாதிரி களைப்பா இருக்கு." "நல்லாத்தான் இருக்கா ம்மா. நீ உன் உடம்பப் பாரு." எவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது எனக்கு!

ஏழாவது ஞாயிறு, மாடிப்படி ஏறும்போதே வாசம் வந்தது. கருகும் வாசம். ஒரு கணம் நின்றேன். உன் நோய் என்னைத் தொற்றிக்கொண்டதோ என்றுகூடத் தோன்றியது. பிறகு ஓடினேன். கதவைத் திறந்தவள் நீதான். கையில் செய்தித்தாள், முகத்தில் சிரிப்பு. "வா வா, இன்னைக்கு கார்ன் பிரெட்." உனக்குப் பின்னால் கூடம் முழுக்கப் புகை. உள்ளே ஓவனில் ரொட்டி கரிக்கட்டையாகியிருந்தது. அடுப்போரம் கிடந்த துணி ஓரத்தில் கனன்றுகொண்டிருந்தது. அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து உன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"வாசம் வரலையா உனக்கு?"

"வந்துச்சு" என்றாய். குழந்தையைப்போல விழித்தாய். "கண்ணுகூட எரிஞ்சுது. இதுவும் பொய்யின்னு நெனச்சு உட்கார்ந்துட்டேன்."

நான் அங்கேயே, உன் கண்முன்னாலேயே போனை எடுத்தேன். "வை டி" என்றாய். "போனை வை. வாக்கு கொடுத்திருக்க." ஷாமினி எடுத்தாள். அவளிடம் நான் சொல்லி முடிக்கும்வரை நீ என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாய்.

வலது காதுக்கு மேலே, உள்ளே, கட்டி. பொய் வாசம் அங்கிருந்துதான் வருகிறது என்றார் டாக்டர். அறுத்தார்கள். முழுதாக எடுக்க முடியவில்லை. கொஞ்சம் முன்பே வந்திருந்தால் என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். "பெரிய வித்தியாசம் இருந்திருக்காது" என்றார் அவர். அந்தப் 'பெரிய' என்ற சொல் இன்னும் எனக்குள் முள்ளாக நிற்கிறது. அப்படியானால் சின்ன வித்தியாசம்? அதை நான் கேட்கவில்லை.

நீ பயந்தது நடக்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே உன் பேரன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் ஆறு வாரம் நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வருவேன், உட்காருவேன், போவேன். பிறகு ஒரு ஞாயிறு, "நண்டு கொண்டாந்தியா?" என்று கேட்டாய். அன்றைக்குக் கொண்டுவந்திருக்கவில்லை. அடுத்த வாரம் கொண்டுவந்தேன்.

உன் இடக்கை வலுவிழந்திருந்தது. பொய் வாசம் போயிருந்தது. அதோடு எல்லா வாசமும் போயிருந்தது. அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாய். நான் கிண்டினேன். "என்ன வாசம் வருது, சொல்லு" என்றாய். கோதுமை என்றேன். கொஞ்சம் கழித்து, வறுத்த கச்சான் கடலை என்றேன். பிறகு காப்பிக்கொட்டை. அடுப்பை அணைத்துவிட்டேன். நீ எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சட்டிக்குள் பார்த்தாய்.

"பயந்துட்ட."

"ஆமா."

"திரும்பப் பத்த வை."

பற்ற வைத்தேன். கருப்பட்டி நிறம் வரும்வரை கிண்டினேன். குழம்பு கொதித்து முடிந்ததும் நீ ஒரு கரண்டி வாயில் வைத்து, வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாய். "உப்புத் தெரியுது. மத்ததெல்லாம் நீ சொன்னத வச்சு நெனச்சுக்கிட்டேன்" என்றாய். அதுதான் நாம் சேர்ந்து சமைத்த கடைசிச் சாப்பாடு. அதற்குப்பின் உனக்கு விழுங்கவே கஷ்டமாகிவிட்டது.

போன வாரம் பிளாட்டைக் காலி செய்ய ஷாமினிக்கு உதவியாகப் போனேன். பையன் வெறும் தரையில் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆன்டி, உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அன்றைக்குப் போனில் உன் வலிப்பையும் புகையையும் மட்டும்தான் சொல்லியிருந்தேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"ஏழு ஞாயித்துக்கிழமை" என்றேன்.

அவள் கை நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். கையிலிருந்த தட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "அந்த ஏழு வாரமும் அம்மா என்னென்ன சமைச்சாங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். முதல் வாரம் சிவப்பு பீன்ஸும் சோறும், லூசியானாவில் திங்கட்கிழமைச் சாப்பாடு, நீ ஞாயிறன்று வைத்தாய். அடுத்து பாஸ்டன் பக்கத்துச் சிப்பிக் கஞ்சி, பால் திரிந்துவிட்டது. டெக்சஸ் மிளகாய்க்கறி, மாட்டுக்குப் பதில் எனக்காக ஆடு. கெண்டக்கியில் பிஸ்கட் என்ற பேரில் தின்ற மெத்தென்ற பன், கோழிக் குழம்போடு. கரோலினா கடற்கரையின் சோளரவைக் கஞ்சி, மேலே இறால். டின் பீச்சுப் பழத்தில் ஜார்ஜியாக்காரர்களின் இனிப்பு, அதை நீ இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாய். பிறகு அந்தக் கரிந்த ரொட்டி.

ஷாமினி பையனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று போனது.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேனா, மீறினேனா என்று இத்தனை நாளும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது அதுவல்ல. உன் மகள் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டிய ஏழு ஞாயிறுகளை நான் சாப்பிட்டுவிட்டேன். ருசிகூடப் பார்க்காமல்.